அளவறிபுல்லுக்கு ஒரு படையல்

ஓடைக்கரைப் புல் மஞ்சளாகிக் கிடப்பதைப் பார்த்ததும் செங்கோடன் புல் மருத்துவருக்கு ஆள் அனுப்பினான்.

சாதாரணப் புல்லா அது? அளவறிபுல். ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வயலிலிருந்து வழியும் உரத்தை ஓடைக்குப் போகவிடாமல் வேரிலேயே பிடித்துத் தின்றுவிடும். உரம் கூடினால் வயல் பக்கம் தானாக அகலும், குறைந்தால் ஒடுங்கும். ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் அதை உருவாக்கியிருந்தார்கள்.

புல் வருவதற்கு முன்பு ஊரே ஓடையின் உரத் தண்ணீரைத்தான் குடித்தது. மகள் கவின்மொழியின் மூத்த பிள்ளை அந்தத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பாலைக் குடித்து, உடம்பெல்லாம் நீலம் பாரித்து, பிழைத்ததே பெரும்பாடு. இப்போது இரண்டாவது கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். ஓடைத் தண்ணீர் வரும் குழாயில் மாட்டிய ‘நீர்நாக்கு’ என்ற கருவி தண்ணீரைச் சுவைத்துப் பார்த்துப் பச்சை விளக்கே காட்டியது. எல்லாம் புல்லின் புண்ணியம்.

புல் மருத்துவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “நீங்க உரத்தைக் குறைச்சிட்டீங்க. அதுக்கு வேலை இல்லாம ஒடுங்குது. நல்லதுதாங்க, அப்படியே விடுங்க.”

செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை. “நம்ம பேத்திக்கு நல்ல தண்ணி குடுத்த புல்லு. அதைப் பட்டினி போடச் சொல்றாங்க, கேட்டியா புள்ள?”

“படிச்சவங்க சொன்னாக் கேளுங்க” என்றாள் மனைவி பாவாத்தாள்.

கேட்கிற ஆளா? வாழையிலை விரித்து, கற்பூரம் காட்டி, மூட்டை மூட்டையாக யூரியாவைக் கரையில் கொட்டினான். கண்ணில் தண்ணீர் வேறு. “வயிறாரச் சாப்புடு சாமி!”

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. விடிந்ததும் நீர்நாக்கு சிவந்துவிட்டது. கவின்மொழி கலக்கிய பாலைக் கீழே கொட்டிவிட்டுக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “ஏனுங்கப்பா, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க!” வெளியூரிலிருந்து தண்ணீர் வாங்கி நாட்களை ஒப்பேற்றினார்கள்.

புல் கைவிடவில்லை. தடதடவென்று தழைத்து, உரம் போன இடமெல்லாம் துரத்திப் பிடித்து, அவனுடைய வெங்காயக் காட்டில் பாதியை விழுங்கியது. பிறகுதான் விளக்கு மறுபடி பச்சையானது. போன வெங்காயத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நான் செஞ்ச தப்பையும் சேத்துத் தின்னுட்டியே தாயி” என்று புல்லுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

செய்தி ஊரெங்கும் பரவிவிட்டது. மத்தியானம் ஓடைக்கரையில் டிராக்டர் சத்தம். பக்கத்துக் காட்டு நாச்சிமுத்து முன்னால் வர, பின்னால் ஊர்ச்சனம், தலைக்கொரு யூரியா மூட்டை.

“பச்சப் புள்ளைய ரெண்டாம் தரமும் காப்பாத்துன புல்லுங்க மாமா. நாங்க சும்மா இருந்தா நல்லாருக்குமா?”

செங்கோடன் இரண்டு கையையும் விரித்து மறித்தான். “வேண்டாம் மாப்ள, சொன்னாக் கேளு!”

நாச்சிமுத்துவின் முகம் சுண்டிப்போனது. “நீங்க மட்டும் படையல் போடலாம், நாங்க போடக்கூடாதுங்களா?”

பாவாத்தாள் அந்த வழக்கைக் கேட்க நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடி, குடம், அண்டா, குண்டா ஒன்று விடாமல் இழுத்துப் போட்டுத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள்.