நான்காவது வரி

நாலு மணி வெயிலிலிருந்து வந்தவளுக்கு அரங்கத்துக்குள் கண் தெரியவில்லை. சுவரைத் தடவி ஒரு விளக்கைப் போட்டாள். நாற்காலி மேல் நாற்காலியாக அடுக்கு. சுருட்டிய திரை. ஈர அட்டையின் வாடை.

கையில் நாடகக் குழுவின் வெள்ளிவிழா மலர். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க வந்த பிரதி. இருபத்தைந்து வருட வரலாற்றை எழுதியது அவள் கணவர். தபால் நிலையத்தில் எடை போட்டு முத்திரை குத்துகிறவர், சாயங்காலமானால் குழுத் தலைவர், கதாநாயகர். உடைகள் தைத்தது அவள். நாடகங்களை எழுதியது அவள் அண்ணன்.

எழுதிவிட்டு அண்ணன் மேடைக்கு வந்ததில்லை. இடப்புறப் பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில், டார்ச் விளக்கும் நோட்டுமாக உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பார். இருமிவிடக் கூடாதென்று வாயில் எப்போதும் ஓர் இருமல் மிட்டாய். யாராவது வசனத்தை மறந்தால் மனசுக்குள் மூன்று எண்ணுவார். அதற்குள் வராவிட்டால்தான் கொடுப்பார்.

கணவருக்கு வசனம் மனசில் நிற்காது. காதில் விழுவது அப்படியே வாயில் வரும். முதல் வருட நாடகத்தில் அவர் நீதிபதி. திரை இழுக்கிறவரிடம் அண்ணன், காலடியில் பல்லி, பார்த்து நில்லு என்று கிசுகிசுத்தார். நீதிபதி குற்றவாளியைப் பார்த்து அதையே தீர்ப்பாகச் சொன்னார். மலரில் பல்லிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தது.

அண்ணனின் கடைசி நாடகத்துக்கு இரண்டு பக்கம். படுக்கையில் கிடக்கும் அப்பா சாகும் காட்சி. அப்பாவாக நடித்த தன்னுடைய மூன்று வரிகள் இன்றும் பேசப்படுகின்றன என்று எழுதியிருந்தார் கணவர்.

கதவைத் திற. மூச்சு முட்டுது. என்னை விட்டுட்டுப் போயிடாதே.

அன்று கூட்டம் எழுந்து நின்று தட்டியது. இடப்புறப் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே நின்றிருந்த அவளும், மடித்த சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டினாள். திரை விழுந்த பிறகு பார்த்தால், முக்காலியில் அண்ணன் சுவரில் தலை சாய்த்திருந்தார். உயிர் இல்லை. ஒரு சத்தம்கூட வரவில்லை, தூங்குகிற மாதிரி போய்விட்டார் என்றார் கணவர். ஐந்து வருடமாக அவள் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். சுண்டு என்று அவளைக் கூப்பிட அப்புறம் ஆள் இல்லை.

அந்த மூன்று வரியையும் அண்ணன் எழுதியபடியே, எழுத்துப் பிசகாமல் போட வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தாள். டிரங்குப் பெட்டியில் நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

அப்பா பேசுவதில்லை. விளக்கு மங்குகிறது. திரை.

அவ்வளவுதான்.

முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். ஒரு வரிகூட இல்லை.

எங்கிருந்தோ இருமல் மிட்டாய் வாசனை வந்தது.

விழாப் பேச்சை ஒத்திகை பார்க்கக் கணவர் வந்தார். நேரே மேடையேறி நடுவில் நின்றார். அவள் நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்த மூணு வரியும் இதுல இல்லையேங்க."

"அது நானா சொன்னது. நடிகனுக்கு அப்படி வரும்."

"ஒரு வரி மனசுல நிக்காத உங்களுக்கா?"

"இன்னும் அந்தப் பல்லியை விடமாட்டியா நீ?" அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "அண்ணன் ஒரு சத்தமும் போடலைன்னீங்க."

"ஆமா. ஒரு சத்தமும்..."

நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது. பேச்சு வரவில்லை.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலி கிறீச்சிட்டது.

"கேட்டுச்சு," என்றது ஒரு வறண்ட கிசுகிசுப்பு.

கணவரின் முகவாய் இடப்பக்கம் திரும்பியது. இருபது வருடப் பழக்கம்.

"கேட்டுச்சு," என்றார், மேடைக் குரலில்.

கையால் வாயைப் பொத்தினார். கிசுகிசுப்பு நிற்கவில்லை. கை தானாக இறங்கியது. ஒவ்வொரு வரியும் அவளுக்கு இரண்டு முறை கேட்டது. முதலில் இருட்டிலிருந்து, பிறகு கணவர் வாயிலிருந்து.

"மொத வரி தெரியாம வந்துடுச்சு. ரெண்டாவது வரியில புரிஞ்சுது, மூச்சு முட்டுறது அவருக்குன்னு. அதுக்குள்ள கை தட்டினாங்க. கட்டிலை விட்டு எழுந்திரிக்க மனசு வரல. மூணாவதையும் சொன்னேன்."

அவள் பக்கத்திரையை விலக்கினாள். முக்காலி காலி. அதன் மேல் டார்ச் இருந்தது. தொட்டாள்.

சூடாக இருந்தது.

மலரிலிருந்து அந்த இரண்டு பக்கத்தையும் அவளே அடித்து நீக்கினாள். அண்ணன் எழுதிய கடைசிப் பக்கத்தை அப்படியே போட்டாள். கணவர் ஏன் என்று கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவர் எதையும் கேட்பதில்லை. யார் என்ன கேட்டாலும் முகத்தை இடப்பக்கம் திருப்பிச் சற்று நேரம் காத்திருந்துதான் பதில் சொல்கிறார். தலைவருக்கு வீட்டிலும் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் போலிருக்கிறது என்று குழுவில் கேலி செய்தார்கள்.

பொய் மட்டும் அவருக்கு வரவில்லை. அதை அவள் ஒருத்திதான் கவனித்தாள்.

ஒரு கேள்வியை மட்டும் அடக்கிப் பார்த்தாள். ஒரு நாள் காலை, தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேவிட்டாள்.

"அதுக்கப்புறம்? நாலாவதா ஏதாவது சொன்னாரா?"

கணவர் இடப்பக்கம் திரும்பினார். அங்கே வெறும் சுவர். ஜன்னல் வெயில் அதில் விழுந்திருந்தது.

இருமல் மிட்டாய் வாசனை.

ஒன்று. இரண்டு. மூன்று.

"சுண்டு, கதவுக்கு வெளியிலதானே நிக்கிற? ஏன் கை தட்டுற?" என்றது அந்தக் கிசுகிசுப்பு.

அதையே திரும்பச் சொல்ல, கணவர் வாயைத் திறந்தார்.