ஈரச் சடை

பாண்டிச்செல்வியின் தலைமுடி மட்டாஞ்சேரியில் அவர்கள் தெருவுக்கே தெரியும். அவிழ்த்து விட்டால் இடுப்பைத் தாண்டும். ஒரு கைக்குள் அடங்காது. வழியில் போகிறவர்கள்கூட நின்று, "இது சொந்த முடிதானா மோளே?" என்று கேட்பார்கள்.

செல்வி உடனே சடையை முன்னால் எடுத்துப் போட்டு, "வேணும்னா இழுத்துப் பாருங்க" என்பாள்.

ஐந்தாம் வகுப்பில் வேறு யாருக்கும் இப்படி முடி இல்லை. அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

ஜூன் மாத மழை தொடங்கியதும் அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது.

வகுப்பில் அவளோடு ஒட்டி உட்காரும் ஃபிதா, திங்கட்கிழமை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். இனியும் தள்ளினால் பெஞ்சிலிருந்து விழ வேண்டியதுதான்.

"ஏன்டி தள்ளித் தள்ளிப் போற?" என்று செல்வி கேட்டாள்.

ஃபிதா தலையில் முக்காடாகப் போட்டிருந்த தட்டத்தின் நுனியைத் திருகினாள். "சொன்னா நீ பிணங்கக் கூடாது."

"பிணங்க மாட்டேன். சொல்லு."

"உன் சடையில ஒரு வாடை வருது. மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி."

செல்வி பிணங்கவில்லை. ஆனால் அழுகை வந்துவிட்டது. மழைக்கு நன்றி, வீட்டுக்குப் போகும் வழியில் அது யாருக்கும் தெரியவில்லை.

அம்மா அமுதவள்ளி சடையை மோந்து பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"நானும் என்னட்டி செய்வேன்? தினமும் இருட்டோட உனக்குத் தலைக்கு ஊத்தி, சடை போட்டுட்டு, வைட்டிலா பஸ்ஸுக்கு ஓடணும். லேட்டா போனா ஹோட்டல்ல சமையல்காரச் சேட்டன் கத்துவாரு. ஞாயித்துக்கெழம கழுத்தோட வெட்டிருவோம். உனக்கும் சொகம், எனக்கும் சொகம்."

"வெட்ட வேண்டாம்மா!"

"வேற வழி இருந்தா சொல்லு." சொல்லிவிட்டு அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முடியில் செல்வியைவிட அம்மாவுக்குத்தான் பெருமை அதிகம்.

அந்த நேரத்தில் அப்பா சுடலைமணி வந்தார். கடைவீதியில் மிளகும் சுக்கும் சேர்த்து வைக்கும் கிடங்கில் அவருக்கு வேலை. வீட்டுக்குள் அவர் வருமுன் மிளகு வாசம் வந்துவிடும்.

"சாயா போடு அமுதா. இன்னைக்கு ஒரு மூட்டை மிளகு போச்சு!" என்றபடி உட்கார்ந்தார். "புதுசா வந்த ஆளு ஈரத்தோட சாக்குல கட்டிட்டான். பிரிச்சுப் பாத்தா வெள்ள வெள்ளையா பூசணம். ஒரே வாடை."

செல்வி நிமிர்ந்தாள். "கட்டும்போது ஈரம் தெரியலையாப்பா?"

"மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். கைய நடுவுல விட்டாத்தான் ஈரம் தெரியும்."

செல்வி தன் சடையைத் தொட்டாள். மேலே காய்ந்திருந்தது. பின்னலுக்கு நடுவே விரலை நுழைத்தாள். காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலமும் உள்ளேயே இருந்தது.

"எப்பா, எந்தலையிலயும் ஒரு ஈர மூட்டை இருக்கு!" என்று கத்தினாள்.

அப்பா பயந்து எழுந்துவிட்டார். "எங்கட்டி?"

செல்வி அம்மாவிடம் ஓடினாள். "எம்மா, நம்ம தென்காசியில தலைக்கு எப்பக் குளிப்போம்?"

"செவ்வாயும் வெள்ளியும். அங்க வெயிலுக்கு ஒடனே காஞ்சிரும்."

"இங்க?"

"இங்க எல்லாரும் தினமும் குளிக்காங்க. நாமளும் குளிக்கோம்."

"ஆனா பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி சேச்சி குளிச்சதும் இறுக்கிச் சடை போட மாட்டாங்கம்மா. விரிச்சுப் போட்டு, நுனியில மட்டும் சின்னதா ஒரு முடிச்சு. நாம குளிக்கிறது இந்த ஊர் மாதிரி, சடை போடுறது நம்ம ஊர் மாதிரி. ரெண்டையும் பாதிப் பாதியா பிடிச்சிருக்கோம்!"

அம்மாவும் சடைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். செல்வி விடவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு விரிச்சுப் போட்டுட்டுப் போக விட மாட்டாங்க. அதனால காலையில குளிக்கவே வேண்டாம். சாயங்காலம் நானே குளிச்சு, நானே காய வைக்கேன். தினமும் வேண்டாம், வாரத்துல ரெண்டு நாள் போதும். ஞாயித்துக்கெழம பாத்துட்டு அப்புறம் வெட்டு."

அம்மா யோசித்தாள். "சடை யாரு போடுவா?"

"நான்தான்."

அப்பா சிரித்துவிட்டார். செல்விக்கு ரோஷம் வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலமே வேலை தொடங்கியது. அதைச் சொல்வது சுலபம், செய்வது சுலபமில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்து, உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சிக்கெல்லாம் கீழே போய் ஒன்றாகக் கூடிக்கொண்டது. சீப்பில் ஒரு பல் உடைந்து முடியோடு நின்றது.

செல்வி அழவில்லை. கொஞ்சம் யோசித்தாள். சிக்கு நுனியில்தானே இருக்கிறது, நுனியிலிருந்தே ஆரம்பித்தால் என்ன? அகலப் பல் சீப்பை எடுத்து, முதலில் நுனி, அப்புறம் நடு, கடைசியில் உச்சி என்று மெதுவாக வாரினாள். சீப்பு வழுக்கிக்கொண்டு வந்தது.

அப்பாவின் பழைய தோர்த்தால் துடைத்தாள். அந்த மெல்லிய பருத்தித் துண்டு தண்ணீரை நன்றாக உறிஞ்சியது. பிறகு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, முடியை நாலாகப் பிரித்துப் பரப்பினாள். கிடங்கில் மிளகைக் கிளறுவதுபோல, கீழே இருப்பதை மேலே, மேலே இருப்பதைக் கீழே என்று மாற்றிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதினாள். கணக்கு முடிந்தபோது முடியும் காய்ந்திருந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு நுனியில் தடவினாள்.

இனிச் சடை. முதுகுக்குப் பின்னால் இரண்டு பின்னினாள். ஒன்று கப்பல் கயிறு போலவும் மற்றது எலி வால் போலவும் வந்தது. அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"சிரிக்காதீங்கப்பா!"

பின்னால் நடப்பது தெரியாததுதான் தொல்லை. செல்வி மொத்த முடியையும் இடது தோளுக்கு முன்னால் கொண்டுவந்தாள். இப்போது கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஒரே சடையாகப் பின்னினாள். கோணவில்லை, அவிழவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே அவளைப் பிடித்துப்போனது.

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி குளித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். செல்வி சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இரு அமுதா, கிடங்குல பாக்குற மாதிரி நான் பாக்கேன்" என்று அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். சடையின் நடுவே இரண்டு விரலை நுழைத்தார். உச்சியில் தொட்டார், நுனியில் தொட்டார். மோந்து பார்த்தார்.

"நல்லாக் காஞ்சிருக்கு. சரக்கு முதல் தரம்!"

அம்மாவும் சடையைக் கையில் எடுத்து மோந்தாள். எடுத்ததை விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். "எம்மவளே போட்ட சடை" என்றாள்.

பிறகு அலமாரியிலிருந்து புதுச் சிவப்பு ரிப்பனை எடுத்து, கத்தரிக்கோலால் அதில் ஒரு முழம் வெட்டி, சடை நுனியில் கட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை ஃபிதா பெஞ்சின் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தாள்.

"வாடையே இல்லடி! என்ன செஞ்ச?"

செல்வி சொன்னாள். ஃபிதா கவனமாகக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் காலையில குளிச்சு ஈரத்தோடதான் தட்டம் போடுறேன். மத்தியானம் ஆனா தலை வலிக்குது" என்றாள்.

அவளைப் பழிவாங்க இது நல்ல சமயம். ஆனால் செல்விக்கு அது தோன்றவே இல்லை. "சாயங்காலம் எங்க வீட்டுக்கு வா. கதவைச் சாத்திட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருவோம். உன் முடியை நான் காய வச்சுத் தாரேன்" என்றாள்.

ஃபிதா சிவப்பு ரிப்பனைத் தொட்டுப் பார்த்தாள். "சடை அழகா இருக்கு. உங்கம்மா போட்டதா?"

செல்வி சடையைத் தோளுக்கு முன்னால் நன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இல்ல, நானே போட்டது. வேணும்னா இழுத்துப் பாரு!"