மூக்குக்குப் போன மருந்து

"வெறும் மூணே நிமிஷமா!" அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அம்மாவுக்குக் கண் மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை. விதையிலிருந்து எடுத்த வழவழப்பான பசையைச் சேர்த்து ஒரு சொட்டு மருந்து செய்திருந்தார். அது கண்ணீரோடு கலந்து, கண்மேல் வெகுநேரம் தங்க வேண்டும். சாதாரண மருந்தோ மூன்று நிமிடத்தில் ஓடிவிடும். பசை மருந்து தங்காவிட்டால், இன்று மாலையோடு இந்த ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.

சோதனைக்கு வந்திருந்தவர் அம்மாவின் தம்பி, மாமா. தையல்காரர். ஊசியை உற்றுப் பார்த்தே கண் வறண்டு போனவர். மருந்தில் கலந்த சாயம் நீல விளக்கில் பச்சையாக மின்னும். பச்சை மறைந்தால் மருந்து போய்விட்டது என்று அர்த்தம். மாமாவின் ஒரு கண்ணில் விட்ட பசை மருந்தின் பச்சையும் மூன்றே நிமிடத்தில் மறைந்துவிட்டது.

பள்ளி விடுமுறை என்பதால் மகள் குண்டூசியும் வந்திருந்தாள். தரையில் கிடக்கும் குண்டூசிகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால்தான் மாமா அந்தப் பெயர் வைத்தார்.

மாமா மூக்கை உறிஞ்சினார். குண்டூசி கைக்குட்டையை நீட்டினாள்.

"சளியா மாமா?"

"இல்லடா. மருந்து விட்டதுலேருந்து ஒழுகுது."

"காலையில சாதா மருந்து விட்டப்போ ஒழுகலையே?"

"அது நல்லா இருந்துச்சு. இது..." மாமா அம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐஸ் மாதிரி இருந்துச்சு. கண்ணுல தண்ணி கொட்டிடுச்சு. உங்கம்மா கஷ்டப்பட்டுச் செஞ்சது, குறை சொல்ல மனசு வரல."

குண்டூசி மேசையைப் பார்த்தாள். சாதா மருந்துப் புட்டி காய்ந்திருந்தது. பசை மருந்துப் புட்டியோ வியர்த்து வழிந்தது.

"அம்மா! நான் அழுதா மூக்கும் ஏன் ஒழுகுது?"

"கண்ணு ஓரத்துல சின்ன ஓட்டை இருக்கு. கண்ணீர் அது வழியா மூக்குக்குப் போகும். இப்போ எதுக்குடி அதெல்லாம்?"

"அப்போ மாமா கண்ணீர்தான் மருந்தை மூக்குக்கு அடிச்சிட்டுப் போயிருக்கு! ஒரு புட்டி மேசையில, ஒரு புட்டி பிரிட்ஜுல. குளிர் பட்டா கண்ணு அழாம என்ன பண்ணும்?"

அம்மா துள்ளி எழுந்தார். "கெட்டுப் போகக் கூடாதுன்னு நான்தான் உள்ள வெச்சேன்! ஏன்டா, நீ வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"கண்ணைத் திறக்கச் சொன்னே, திறந்தேன். வாயைத் திறக்கச் சொல்லலையே அக்கா!"

குண்டூசி மூடிய புட்டியை உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். குளிர் விட்டதும் மாமாவின் மறு கண்ணில் அம்மா ஒரு சொட்டு விட்டார்.

மூன்று நிமிடம். பச்சை மின்னியது.

ஐந்து. பத்து. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கண்ணு சிமிட்டலாமா?" என்றார் மாமா.

"தாராளமா!"

படபடவென்று சிமிட்டினார். பச்சை அசையவே இல்லை. பதினெட்டாவது நிமிடத்தில்தான் மெல்ல மங்கியது.

அம்மா தலைமை ஆய்வாளரின் அறைக்கு ஓடினார். பாதி வழியில் திரும்பி வந்து குண்டூசியின் கையைப் பிடித்தார். "கண்டுபிடிச்சது நீ. நீயே வந்து சொல்லு!"

கதவு முழுசாகத் திறக்கும்வரை குண்டூசியால் பொறுக்க முடியவில்லை.

"பதினெட்டு நிமிஷம்!" என்று கத்தினாள்.