இசைவி தேடியெடுத்த பயம்

கல்யாணத்துக்குப் போகிற வழியில் அமிர்தவல்லியும் அவள் கணவன் திருமேனியும் பின்கழுத்துச் சில்லில் பயத்தை ஏற்றிக்கொண்டார்கள். செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழ்க் குடியிருப்பில் அந்த வாரம் எல்லோருமே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சும்மா சும்மா அலறி மதிப்பிழந்த அபாயச் சங்கை அங்கே ஒருவரும் சட்டை செய்வதில்லை. போன மாதம் காற்று கசிந்தபோது, சங்கு ஊதியும் எழாமல் ஒரு குடும்பமே தூக்கத்தில் போய்ச் சேர்ந்தது. அதனால்தான், சங்கு ஊதினால் நிஜமாகவே குலைநடுங்க வைக்கும் இந்த 'அபாயக் கூறு' என்ற மென்பொருள்.

பூமியில் செய்த கூறு, எல்லோருக்கும் ஒரே அச்சு. மண்டைகள் அப்படியா? கழுத்துச் சில்லில் ஓடுவது பழைய ஜாவா மென்பொருள் சட்டகம் ஒன்றின் கொள்ளுப்பேத்தி. எந்தக் கூறு உள்ளே வந்தாலும், நிறுவுகிற அந்த நொடியிலேயே 'இசைவி' என்ற நிரல் அதை வெட்டி ஒட்டி அந்தந்த ஆளுக்குப் பொருத்திவிடும். இசைவியை எழுதியவளே அமிர்தவல்லிதான். புதிதாக ஒரு பயத்தை உண்டாக்கினால் ஆளுக்குப் புத்தி பேதலித்துவிடலாம் என்று, ஏற்கெனவே உள்ள பயங்களில் எது பெரியதோ அதோடு கூறை இணைக்கச் சொல்லியிருந்தாள். உயிர்ப்பயத்தைவிடப் பெரியது என்ன இருந்துவிடப் போகிறது என்பது அவள் நினைப்பு.

பெண்வீட்டுப் பந்தியில் ரசம் வரும்போது சங்கு ஊதியது. காது அடைத்தது. நிஜக் கசிவு. அமிர்தவல்லியின் கழுத்தில் கூறு விழித்துக்கொண்டது. வாசல் பக்கத்தில்தான், ஓடினால் பிழைக்கலாம். ஆனால் எழ முடியவில்லை. எதிர்வரிசையில் அத்தனை முகமும் வெளுத்து வியர்த்திருந்தது. ஒருவரும் அசையவில்லை.

"வாங்க, போயிரலாம்" என்று கணவனிடம் கிசுகிசுத்தாள்.

அவன் பற்கள் தந்தியடித்தன. "பாதிப் பந்தியில நாம மட்டும் எந்திரிச்சா நாலு பேர் என்ன நெனைப்பாங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இசைவி ஒவ்வொரு மண்டையிலும் தேடிப் பார்த்துப் உயிர்ப்பயத்தைவிடப் பெரியதாகக் கண்டெடுத்த பயம் இது, நாலு பேருக்கான பயம். அவள் கழுத்திலும் இதுதான். பயம் ஏற ஏற இன்னும் அழுத்தமாக உட்காருவார்கள், உட்கார்ந்தபடியே சாவார்கள்.

மூச்சு வாங்க, பக்கத்து இலையிலிருந்த, மணப்பெண்ணின் அத்தை சுந்தரவடிவின் பக்கம் சாய்ந்தாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அப்பவே கிளம்பிட்டாங்களாம்க்கா. நாமதான் சோத்துக்கு அலையற மாதிரி உக்காந்திருக்கோம்."

அது பொய். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த கூடத்தில் இதே போல நடுங்கிக்கொண்டு இருந்தார்கள். ஆனால் சுந்தரவடிவு அடுத்த இலைக்காரியிடம் சொல்ல, வரிசை முழுவதும் சோற்றை விட்டுவிட்டு எழுந்து ஓடியது. அதைப் பார்த்து, தாங்கள் மட்டும் பின்தங்கக் கூடாதென்று மாப்பிள்ளை வீடும் ஓடியது. கசிவை அடைக்கும் காப்புக் கதவு இறங்கியபோது உள்ளே இலைகள்தான் இருந்தன.

மறுநாள் குமிழ் மன்றத்தில் அமிர்தவல்லிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அபாயக் கூறு அத்தனை உயிரையும் காத்தது என்று தலைவர் நெகிழ்ந்தார். எல்லாக் குமிழ்களிலும் இதே இசைவியை நிறுவப் போவதாக அறிவித்தார். அடுத்த கசிவில் இப்படி ஒரு பொய் சொல்ல ஆள் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். எத்தனை பேர் சாவார்களோ. உண்மையைச் சொல்லிவிடத்தான் எழுந்தாள்.

அரங்கமே அவளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் திருமேனியின் அம்மா பூரித்துப் போயிருந்தாள். அமிர்தவல்லி நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பயத்துக்குக் கூறு எதுவும் தேவைப்படவில்லை.