பூரியின் எடை

பேப்பர் சரசரக்கவில்லை.

விண்ணரசி அதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முயலுக்காகக் கூடத்தில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின் மேல் பூரி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போயிற்று. நாலு கிலோ உடம்பு. போன வாரம்வரை அது நடந்தால் தாள் நசுங்கும், கிழியும், அடுக்களைவரை சத்தம் கேட்கும். இன்று ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவதும், நீடாமங்கலம் ஸ்டேஷனில் சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதும்தான் கேட்டன. தாளின் ஓரம் ஒன்று மடங்கித் தூக்கி நின்றது. பூரி அதன்மேல் ஏறி உட்கார்ந்த பிறகும் அது அப்படியே தூக்கி நின்றது.

"பூரி," என்று கூப்பிட்டாள். குழைந்து வந்த அந்தக் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. தப்பு செய்தவளின் குரல்.

பூரி அவள் மகள் லின்சி வளர்த்த முயல். வெள்ளை உடம்பு, இடது காது மட்டும் சாம்பல். கோயம்புத்தூரில் வேலை கிடைத்தபோது லின்சி அதை அம்மாவிடம் விட்டுப்போனாள். பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து வந்தால் விண்ணரசிக்குப் பேச்சுத்துணைக்கு வேறு யாருமில்லை. டீ குடிக்கும்போது தனக்கு ஒரு பிஸ்கட், அதற்கு ஒன்று. பிறகு இரண்டு. வாழைப்பழம், சோறு, தோசையின் முறுகல் ஓரம். ஒன்றரை வருஷத்தில் கழுத்துக்குக் கீழே சதை மடிந்து தொங்கியது. தன் முதுகை நக்கிச் சுத்தம் செய்யக்கூட அதனால் திரும்ப முடியவில்லை.

தஞ்சாவூரில் கால்நடை டாக்டர் கலந்தர் கோபப்படவில்லை. "அவசரமே வேணாம்மா. வாரத்துக்கு அம்பது கிராம் குறைஞ்சாப் போதும். கடைத்தீனியக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க. புல்லு மட்டும் எந்நேரமும் இருக்கணும். பட்டினி போட்டுடாதீங்க. முயலுக்கு ஒரு நாள் குடல் ஓடலன்னாலே ஆபத்து."

மூன்று வாரம் ஒழுங்காகத்தான் செய்தாள். வாய்க்கால் வரப்பில் அருகம்புல் அறுத்து வந்தாள். பிஸ்கட் டப்பாவைப் பீரோ மேல் ஏற்றினாள். சாயங்காலம் பூரியைக் கூடத்தில் ஓடவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அடுக்களைத் தராசில் தாம்பாளத்தை வைத்து, அதில் பூரியை உட்காரவைத்து நிறுத்தாள். மூன்று வாரத்தில் நூற்றைம்பது கிராம் குறைந்தது. காலண்டரில் குறித்தாள்.

அப்போதுதான் லின்சி வீடியோவில் கூப்பிட்டாள். பூரியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "என்னம்மா இது? மூச்சு விடவே கஷ்டப்படுது. அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தப்ப நீ இப்படித்தான் ஊட்டி ஊட்டி..." மிச்சத்தை அவள் சொல்லவில்லை. "கிறிஸ்துமஸுக்கு வரேன்," என்று வைத்துவிட்டாள்.

மறுவாரம் வேதாரண்யத்தில் தம்பி மகன் கல்யாணம். இரண்டு நாள். விண்ணரசி பூரியைப் பின்னறையில் விட்டு, கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். புல்கட்டு கையில்தான் இருந்தது. மறக்கவில்லை. அதைத் திரும்ப அடுக்களை மேடையில் வைத்துவிட்டு வந்துதான் கதவைப் பூட்டினாள். இரண்டு நாள் ஒன்றுமில்லாமல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும்படி இளைக்கும் என்று நினைத்தாள்.

கல்யாணப் பந்தியில் இரண்டு தரம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டாள். மழையில் பஸ் ஓடவில்லை. வீடு வந்து சேர்ந்தது மூன்றாம் நாள் சாயங்காலம்.

கதவின் அடிப்பக்க மரம் பிறாண்டி வெளுத்திருந்தது. பூரி அறை நடுவில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது. எதையோ மென்றது. அந்த அறையில் மெல்லுவதற்கு ஒன்றுமே இல்லை.

பேப்பர் சரசரக்காதது மறுநாள் காலையில்தான். இரவு வைத்த புல்லில் ஒரு இணுக்குகூடக் குறையவில்லை. பூரியைத் தராசில் உட்காரவைத்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம். ஒரு கிலோ போயிருந்தது. ஆனால் உடம்பு அப்படியேதான் இருந்தது. கழுத்து மடிப்பு அப்படியே. வயிறு அப்படியே.

தராசுதான் கெட்டுவிட்டதென்று ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தாள். சரியாக ஒரு கிலோ காட்டியது.

டாக்டர் போன் செய்து விசாரித்தார். "மூணு எண்ணூத்தம்பதுங்க. நல்லா சாப்பிடுது," என்றாள். "ரொம்பப் பொறுமையா பாத்துக்கிறீங்கம்மா," என்றார் அவர். அவள் காது எரிந்தது. அவரிடமே பூரியைத் தூக்கிக்கொண்டு போகலாம். போனால் கேட்பார், பட்டினி போட்டீங்களா என்று. காலண்டரிலும் பொய் எடையைத்தான் எழுதினாள். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். முறை வந்ததும், பூசைக்குப் பிந்தி வந்ததை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அடுத்த ஞாயிறு, இரண்டு கிலோ.

அதற்கடுத்த ஞாயிறு, தொள்ளாயிரம் கிராம்.

புல், கொத்தமல்லி, கடைசியில் பிஸ்கட்டையும் நீட்டினாள். "சாப்பிடுடி செல்லம். ஒரே ஒரு வாய்." தரையில் முழங்காலிட்டுக் கெஞ்சினாள். பூரி பிஸ்கட்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது. வாய் மட்டும் ஓயவில்லை. அவள் குளிக்கும்போது குளியலறை வாசலில். சமைக்கும்போது காலடியில். வருவது கேட்காது. திரும்பினால் இருக்கும். கறக், கறக் என்று பல் அரைபடும் சத்தம்.

தொட்டாள். சில்லென்று இருந்தது. பிறகு தொடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மழை விட்ட மத்தியானத்தில் தராசு பூஜ்யம் காட்டியது. தாம்பாளத்தில் பூரி தானே ஏறி முழுசாக உட்கார்ந்திருந்தது. பூஜ்யம்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

லின்சி பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அதை வாரி எடுத்தாள். "ஐயோ, எவ்வளவு லேசா இருக்கு! எப்படிம்மா செஞ்ச? பாக்க அப்படியே இருக்கே... அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக்கூடாதும்மா. மன்னிச்சுக்க."

அதைத்தான் விண்ணரசியால் தாங்க முடியவில்லை. "நான் ஒண்ணும் செய்யலடி. பின்னறையில வெச்சுப் பூட்டிட்டேன். தண்ணி மட்டுந்தான் வெச்சேன். புல்லு கையில இருந்துச்சு, வைக்கல."

"எத்தனை நாளு?"

"மூணு."

லின்சி அம்மாவையே பார்த்தாள். அவள் கைகள் தாமாகத் தளர்ந்து விலகின.

பூரி விழவில்லை.

விட்ட இடத்திலேயே நின்றது. நெஞ்சுயரத்தில். பின்னங்கால்கள் தொங்கின. வயிறு தொங்கியது. வாய் மென்றது. லின்சி கத்தியது விண்ணரசிக்கு எங்கோ தூரத்தில் கேட்டது.

கூடத்தில் காற்று இல்லை. மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் அது, கண்ணை விண்ணரசியின் முகத்திலிருந்து எடுக்காமல், அரைபடும் பற்களோடு, மெல்ல மெல்ல அவள் பக்கம் மிதந்து வரத் தொடங்கியது.