பதினொன்று இருபதுக்கு வந்த போன்

மதியம் 12.50.

மதுரை கே.கே. நகரில் அந்த வீட்டின் கூடத்தில் பாண்டிமீனா தரையில் சரிந்து கிடந்தார். வெளியூர் கிளம்பிய கோலம். கசங்காத சேலை, கையில் கடிகாரம். சோபாவில் ஜிப் போட்டு மூடிய பயணப்பை. வலது கை போன் மேஜையின் காலைப் பற்றியிருந்தது. மேலே இருந்த பழைய கறுப்பு போனின் ரிசீவர், வயரோடு கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் நாகஜோதி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். சத்தமே இல்லை. ரொம்ப நேரம் எடுத்தபடியே கிடந்தால் இப்படி ஆகும் என்று நினைத்து, அதை அதன் இடத்தில் வைத்தாள்.

“ஹார்ட்தான்,” என்றார் பக்கத்துத் தெரு டாக்டர். “இவங்க என் பேஷன்ட். ரெண்டு மணி நேரம் முன்னப் பின்ன ஆகியிருக்கும். சரியா சொல்லணும்னா போஸ்ட்மார்ட்டம் பண்ணணும்.”

கூடம் புழுங்கியது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் இரண்டு மணிக்குத்தான் வருமாம். ஏட்டு மொக்கைச்சாமி செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே, “இயற்கை மரணம்தான் மேடம். எழுதிரலாமா?” என்றார்.

“கொஞ்சம் இருங்க ஏட்டய்யா.”

1.10. எதிர்வீட்டுச் சோலையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“பதினோரு மணிக்குக் கறிவேப்பிலை கேட்டு வந்தேன்மா. வாசல்ல பெரிய பித்தளைப் பூட்டு தொங்குச்சு. நாளைக்கு மக கல்யாணம், கோயமுத்தூர் போறேன்னு நேத்தே சொல்லுச்சு. கிளம்பிருச்சுபோலன்னு திரும்பிட்டேன். பன்னெண்டேகாலுக்கு அவுக தம்பி கத்துறாரு. ஓடிவந்தா இப்படிக் கிடக்கு. பூட்டிக்கிடந்த வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு அப்பவே அவர்ட்டக் கேட்டேன்.”

நாகஜோதி கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஆணியில் எவர்சில்வர் பூட்டு ஒன்று சாவியோடு தொங்கியது.

“இதா நீங்க பாத்தது?”

“இல்லம்மா. இது எப்பவும் அவுக போடுற பூட்டு. நான் பாத்தது பித்தளை. கைக்கு அடங்காது.”

1.25. பாண்டிமீனாவின் தம்பி அழகுபாண்டி போர்ட்டிகோ படியில் உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது. சோழவந்தானில் வெற்றிலைக் கடை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த அழுகையில் பொய் இல்லை என்று நாகஜோதிக்குத் தோன்றியது.

“எப்ப வந்தீங்க?”

“பன்னெண்டேகால்.”

“எதுக்கு?”

“பதினொன்னு இருபதுக்கு அக்கா இந்த வீட்டுப் போன்லருந்து எங்க கடைப் போனுக்குக் கூப்பிட்டுச்சு. மருந்துக்கடைக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன், மூச்சு வாங்குது, கோயமுத்தூர் போகலைடான்னு சொல்லுச்சு. உடனே வண்டிய எடுத்துட்டேன். வந்து பாத்தா கதவு சும்மா சாத்தியிருக்கு, உள்ள அக்கா…”

“செல்போன்ல ஏன் கூப்பிடல?”

“தெரியலையே மேடம். எங்க வச்சுச்சோ.”

“பித்தளைப் பூட்டு?”

“அக்காகிட்ட ரெண்டு மூணு பூட்டு இருக்கும்.”

எல்லாம் பொருந்தியது. பதினோரு மணிக்கு வீடு பூட்டியிருந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் வாசலில் நின்ற அவன் பைக்கில் ஒரு பை மாட்டியிருந்தது. நாகஜோதி தொட்டுப் பார்த்தாள். சாப்பாட்டுப் பார்சல். இன்னும் சூடு ஆறவில்லை. பையின் மேல் இந்தத் தெருமுனை மெஸ்ஸின் பெயர்.

அக்காவுக்கு மூச்சுவாங்குகிறது என்று பதறி ஓடிவருகிறவன், தெருமுனையில் நின்று சாப்பாடு வாங்கிக் கட்டுவானா?

வீடு முழுக்கத் தேடினார்கள். செல்போனும் இல்லை, பித்தளைப் பூட்டும் இல்லை.

2.00. தலைக்கு மேல் மின்விசிறி முனகிச் சுற்றத் தொடங்கியது. டிவிக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டியில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அதிலிருந்து ஒரு வயர் சுவரோரமாகப் போன் மேஜை வரை ஓடியது. நாகஜோதி அதைக் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தபோதே போன் அடித்தது.

பிணம் கிடக்கிற வீட்டில் அந்த மணிச்சத்தம் எல்லாரையும் உலுக்கிவிட்டது. ஏட்டு எழுந்தே விட்டார். நாகஜோதி எடுத்தாள்.

“அம்மா! எங்கம்மா போன? பத்தரை பஸ்ஸுக்கு ஏறிட்டியான்னு காலைல இருந்து அடிக்கிறேன். செல்லு ஆஃப், வீட்டுப் போன்லயும் லைனே போகல…”

“நான் அம்மா இல்லம்மா. நீங்க?”

“அஸ்வினி. மக. நீங்க யாரு?”

சொல்லித்தான் ஆகவேண்டும். நாகஜோதி சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ ஓர் ஆணின் குரல், “அஸ்வினி, அஸ்வினி” என்று கூப்பிட்டது. பிறகு அவளே மறுபடி பேசினாள்.

“போனைப் புடிச்சுக்கிட்டா கிடக்காங்க? மேடம்… கரண்ட் இருந்துச்சா?”

“இல்ல. ரெண்டு மணிக்குத்தான் வந்துச்சு.”

“அய்யோ. போன வாரம்தான் பழைய லைன எடுத்துட்டு இன்டர்நெட் போன் போட்டோம். நம்பர் அதே நம்பர், போனும் அதே பழைய போன். அந்த வெள்ளைப் பெட்டிக்குக் கரண்ட் இல்லன்னா பேச முடியாது. பேட்டரி ஒன்னு வைக்கணும்னாங்க. கல்யாணம் முடியட்டும், நானே வாரேன், வாங்கி மாட்டுறேன்னு சொன்னேன்…”

நாகஜோதி மெதுவாக ரிசீவரை வைத்தாள். வாசலுக்குப் போனாள்.

2.15. “அழகுபாண்டி, அக்கா எத்தனை மணிக்குப் பேசுனாங்க?”

“பதினொன்னு இருபது.”

“இந்தப் போன்லருந்தா?”

“ஆமா மேடம்.”

“ஒம்பது மணியிலருந்து ரெண்டு மணி வரைக்கும் இந்தப் போன் செத்துக் கிடந்துச்சு. லைன மாத்தி ஒரு வாரமாச்சு. மேஜைல அதே பழைய போனே இருக்கவும் உங்களுக்குத் தெரியல.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“வீடு பூட்டியிருந்துச்சேன்னு எதிர்வீட்டம்மா கேட்டாங்க. அதுக்குப் பதில் வேணுமேன்னு, தொங்கிக்கிட்டிருந்த ரிசீவரப் பாத்து ஒரு போன் பண்ணுன கதையைக் கட்டிட்டீங்க. ஏட்டய்யா, அவர் பைக்ல இருக்க பெட்டியத் திறங்க.”

சாவியை அவனே எடுத்துக் கொடுத்தான். பெட்டிக்குள் பித்தளைப் பூட்டு. அணைத்து வைத்த செல்போன்.

“வேற சாதிப் பையன் மேடம்,” என்றான் தரையைப் பார்த்து. “ஊருக்குள்ள நான் எப்படித் தலைகாட்ட? எம்புட்டோ சொன்னேன். எம் மக கல்யாணம், நான் போவேன்னுச்சு. ஒம்பதே முக்காலுக்குச் செல்லைப் புடுங்கிட்டு வெளில பூட்டிட்டேன். ராத்திரி வரைக்கும்தான். பார்க்குல உக்காந்திருந்தேன். பசிக்குமேன்னு சாப்பாடு வாங்கியாந்தேன்…”

“இருதயக்காரங்கன்னு தெரியும்ல?”

“வீட்டுப் போன் இருக்குல்ல மேடம். கரண்ட் இல்லாட்டியும் அது பேசும்ல. முடியலைன்னா யாரையாவது கூப்பிடும்னு நெனச்சேன்.”

சோலையம்மாள் வாய்விட்டு அழுதாள். “ஜன்னல்ல நின்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே. ஏன் குடுக்கல?”

நாகஜோதி அழகுபாண்டியைப் பார்த்தாள். “கூடப் பொறந்தவன் பூட்டி வச்சுட்டான்னு தெருவுக்குத் தெரிய வேணாம்னு பாத்திருப்பாங்க. நெஞ்சு வலிக்கிற வரைக்கும் பொறுத்திருப்பாங்க. அதுக்கப்பறம் சத்தம் போட முடிஞ்சிருக்காது.”

அவன் முகத்தை மூடிக்கொண்டான். ஏட்டு அவன் தோளைத் தொட்டு எழுப்பினார்.

இரவு 7.40. அஸ்வினி, மறுநாள் தன்னைக் கட்டிக்கொள்ள இருந்த சூர்யபிரகாஷோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். கைகளில் மருதாணி. மாமாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பழைய லைனா இருந்திருந்தா அம்மா பொழச்சிருப்பாங்களா மேடம்?”

நாகஜோதி தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“வாசல்ல பூட்டு இல்லாம இருந்தா பொழச்சிருப்பாங்கம்மா. அம்புட்டுதான். நீ போன் லைன மாத்துனத மனசுல வச்சுக்காத.”

அஸ்வினி தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கோவைப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள், மதுரைப் பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் அம்மாவின் உடலைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, சாட்சி என்று இருந்த இடத்தில், சூர்யபிரகாஷ் போட்டான்.