நாற்காலிக்குப் பதில் ஒரு கட்டில்

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலை தண்ணீர்க் கேன் தூக்குவது. வடிவமைப்பாளர்கள் கீழ்த்தளத்திலிருந்து நான்காம் மாடி வரை தோளில் சுமந்து ஏற்றுவார்கள். யாரும் குடிக்காத அந்தத் தண்ணீரை மறுபடி சுமந்து இறக்குவார்கள். சாதிக் பலமுறை ஏறி இறங்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே மணிக்கட்டை வரைதிரையின் ஓரத்தில் வைத்தான். சோர்வுமானி மஞ்சளில் நின்றது.

"இன்னும் ஒரு நடை போகணுமாம்" என்று அலுத்துக்கொண்டு கீழே போனான்.

நிறைமதி வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாக ஒரு கேனைக்கூடத் தொட்டதில்லை. அவள் கையை வைத்த மாத்திரத்தில் மானி சிவந்துவிடும், திரை திறந்துகொள்ளும். வீட்டில் அப்பா பக்கவாதத்தில் கிடந்தார். புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இரவெல்லாம் எழுந்து எழுந்து அவரைப் புரட்டிவிட்டு வருகிறவளுக்குக் கேன் எதற்கு?

எல்லாப் பொருளையும் இயந்திரங்களே வடிவமைத்த காலம் ஒன்று இருந்தது. அழகாகத்தான் வடிவமைத்தன. ஆனால் அந்தப் பொத்தான்களும் கைப்பிடிகளும் நன்றாகத் தூங்கி எழுந்தவர்களுக்கானவை. எங்கோ ஓர் ஊரில், கண் சொருகிய ஒரு செவிலி பொத்தானை மாற்றி அழுத்தி ஒரு வார்டிலிருந்த உயிர்களே பறிபோன பிறகு சட்டம் வந்தது. மருத்துவமனையோ பேருந்தோ, களைத்தவர்கள் தொடுகிற எதையும் களைத்த மனிதக் கைதான் வரைய வேண்டும். சிவப்பில் வரையாதது செல்லாது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். அதனாலேயே அதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

இந்தச் சட்டத்துக்கென்றே பிறந்தவள்போல் இருந்தாள் நிறைமதி. ஒற்றைக் கையால் திறக்கும் மாத்திரை டப்பா, இருட்டில் தடவியே போடக்கூடிய கழிவறைத் தாழ்ப்பாள் என்று அவள் வரைந்தவை நாடெங்கும் போயின. நிறுவனத்தின் தலைவி பெனிட்டா, வருகிறவர்களிடமெல்லாம் அவளை நிறுத்திக் காட்டுவாள். "கஷ்டந்தான் இந்தப் பொண்ண டிசைனரா ஆக்குச்சு." நிறைமதி சிரித்து வைப்பாள். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

போன மாதம் அரசு ஒதுக்கீட்டில் வீட்டுக்கு ஒரு புரட்டுக்கட்டில் வந்தது. அப்பாவை அதுவே அலுங்காமல் புரட்டியது. முதல் நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்கியவள், முகத்தில் வெயில் பட்டதும் பதறியடித்து ஓடினாள். அப்பா ஈரமில்லாமல், வலியில்லாமல், அசையும் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். இத்தனை நாள் எவ்வளவு களைத்திருந்தோம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அலுவலகத்தில் மானி பச்சை காட்டியது.

"வாங்கம்மா மகாராணி, நீங்களும் கேன் தூக்குங்க" என்றான் சாதிக்.

தூக்கினாள். கால் வலித்ததே தவிர, தூக்கம் நிறைந்த உடம்பு மஞ்சளைத் தாண்டவில்லை. அவள் மேசையில் அப்போது இருந்தது ஒரு நாற்காலி. வார்டில் நோயாளிக்குத் துணையிருக்கும் வீட்டு மனிதருக்கானது. தூங்கி விழும் தலையைத் தாங்க ஒரு பட்டை, நோயாளி லேசாக இழுத்தாலும் விழிப்பு வரும்படி கையை வைக்க ஓர் இடம். கட்டில் வருவதற்கு முன் அவளே வரைந்து, பெருமைப்பட்டதுதான். இப்போது பார்த்தபோது அவளுக்குப் பகீரென்றது. ஒரு மனுஷியை விடிய விடிய உட்காரவைக்கவா இத்தனை மெனக்கெட்டேன்?

திரை திறக்காததால் தாளிலேயே வரைந்தாள். நாற்காலி இல்லை, கட்டில். பகலில் நோயாளியின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். நோயாளி அசைந்தால் வார்டு ஊழியரை அழைக்க ஒரு மணி. துணைக்கு வந்தவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

பெனிட்டா தாளை வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பச்சையில வரைஞ்சது செல்லாதேம்மா."

"மேடம், களைச்சுப் போனவங்களுக்குக் களைப்பத் தாங்கத்தான் தெரியும். ஏன் தாங்கணும்னு கேக்கறதுக்கு முதல்ல தூங்கி எந்திரிக்கணும்."

பெனிட்டா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். அவளும் தூங்கி நாளான முகம்தான். "இருக்கலாம்மா. ஆனா சட்டம் உங்கிட்டயும் எங்கிட்டயும் கேட்டுட்டா வந்துச்சு? இதையே சிவப்புல வந்து வரைஞ்சு குடு, நான் அனுப்புறேன். உங்கப்பா கட்டில நாலஞ்சு நாள் நிறுத்தி வையி."

தாளைப் பார்த்து வரைவதுதானே என்று நிறைமதிக்கும் தோன்றியது. அன்றிரவு வீட்டில் அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பா, கொஞ்ச நாளைக்குக் கட்டில நிறுத்திட்டு நானே புரட்டட்டுமா? நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஆஸ்பத்திரியில படுக்க ஒரு எடம் வாங்கிக் குடுக்கப் போறேன்."

"நீ... தூங்குடா" என்றார் அப்பா குழறலாக. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வார முடிவில் மானி சிவந்தது, திரை திறந்தது. தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலை வரையத் தொடங்கினாள். கண் எரிந்தது. கட்டில் ரொம்ப நீளமோ என்று பட்டது. நெருக்கடியான வார்டில் இவ்வளவு இடத்துக்கு எங்கே போவார்கள்? கொஞ்சம் குறைத்தாள். படுத்துவிட்டால் நோயாளி கூப்பிடுவது எப்படிக் கேட்கும்? தலைப்பக்கத்தை நிமிர்த்தினாள். மணி அடித்தால் ஊழியர் முகம் சுளிப்பாரே, அதையும் எடுத்தாள். உட்கார இடம் கொடுத்தாலே பெரிய விஷயமில்லையா? மதியத்துக்குள் திரையில் ஒரு நாற்காலி நின்றது. தலைக்குப் பட்டை, கை வைக்க இடம். எதையும் விட்டுக்கொடுத்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை. நியாயமாக நடந்துகொண்டதாகத்தான் இருந்தது.

"இதுதாம்மா நீ!" என்று பெனிட்டா அன்றே அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் கட்டிலை ஓடவிட்டுப் படுத்தாள். மறுநாள் முழுக்கத் தூங்கி எழுந்து, ஒப்புதலான படத்தைப் போனில் பார்த்தபோதுதான் புரிந்தது. யாரும் பிடுங்கவில்லை, யாரும் மறுக்கவில்லை. தன் கையாலேயே கட்டிலைக் கொன்றிருக்கிறாள். திருத்தலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் திருத்துவதும் சிவப்பில்தான். சிவப்பில் அந்தக் கை எதை வரையும் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

சில மாதம் கழித்து, அப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போன மருத்துவமனையில் அந்த நாற்காலிகள் வந்திருந்தன. கணவனின் படுக்கையருகே ஒன்றில், பட்டையில் தலை சாய்த்து ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"இந்த நாற்காலி எப்படிக்கா இருக்கு?"

"சாமி வரம் குடுத்த மாதிரி இருக்கும்மா. முன்னெல்லாம் தரையிலதான் குந்திக் கெடப்பேன். பட்டு அனுபவிச்ச புள்ளதான் இதச் செஞ்சிருக்கணும். எங்க இருந்தாலும் அது நல்லா இருக்கணும்."

நிறைமதி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "படுத்துத் தூங்க ஒரு கட்டில் குடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்லக்கா?"

அந்த அம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட சின்னப் பெண்ணைப் பார்ப்பதுபோல் சிரித்தாள்.

"கட்டிலா? நமக்கு எதுக்கும்மா கட்டிலு?"